கலிபோர்னியா பல்கலைக்கழக மாற்றுச் சேர்க்கை: இறுதி கிரேடுகளும் முடிவு வெளியாகும் காலமும்

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், ஒரு சமுதாயக் கல்லூரியில் முதல் இரண்டு ஆண்டுகளைப் படித்துவிட்டு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஏதேனும் ஒரு வளாகத்தில் மூன்றாம் ஆண்டில் சேர்வதை மாற்றுச் சேர்க்கை என்பர். இந்த முறையில் விண்ணப்பிப்பவருக்குப் பல்கலைக்கழகம் மார்ச், ஏப்ரல் மாதங்களில் முடிவைத் தெரிவித்துவிடுகிறது. அப்போது அவர் கடைசிப் பருவத்தின் நடுவில் இருக்கிறார்; அந்தப் பருவத்தின் கிரேடுகள் மே இறுதியிலோ ஜூனிலோதான் வரும். அதனால் வசந்த காலத்தில் கிடைக்கும் இடம் நிபந்தனையோடு கூடியது. இறுதி கிரேடுகளைப் பார்த்த பிறகே அது உறுதியாகும்.

இந்த வழியைத் திட்டமிட்டு அமைத்தது, கிளார்க் கெர் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தபோது 1960இல் வந்த உயர்கல்வி முதன்மைத் திட்டம். உயர்நிலைப் பள்ளி முடிப்பவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கினருக்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகமும், முதல் மூன்றில் ஒரு பங்கினருக்கு, அதனின்று வேறான மாநிலப் பல்கலைக்கழக அமைப்பின் வளாகங்களும், படிக்க விரும்பும் அனைவருக்கும் சமுதாயக் கல்லூரிகளும் என அது வகுத்தது. பதினெட்டு வயதில் பின்தங்கியவருக்கு இருபது வயதில் இன்னொரு வாய்ப்பு உண்டு என்பதே அதன் உட்பொருள். இன்று மாநிலத்தில் 116 சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. பல்கலைக்கழகத்தின் பத்து வளாகங்களில் சான் பிரான்சிஸ்கோ நீங்கலாக மற்ற ஒன்பதிலும் இளநிலைப் படிப்பு உண்டு. மாற்று மாணவர்களில் மாநிலச் சமுதாயக் கல்லூரிகளிலிருந்து வருவோருக்கே முன்னுரிமை.

அடிப்படைத் தகுதி

பல்கலைக்கழகம் ஏற்கும் பாடங்களில் 60 செமஸ்டர் யூனிட், அல்லது 90 காலாண்டு யூனிட் முடித்திருக்க வேண்டும். அவற்றுள் ஏழு பாடங்கள் கட்டாயம்: ஆங்கிலக் கட்டுரைப் பயிற்சியில் இரண்டு, கணிதத்தில் ஒன்று, கலையும் மனிதப் பண்பியலும், சமூக அறிவியல், இயற்கை அறிவியல் ஆகிய துறைகளில் குறைந்தது இரண்டிலிருந்து நான்கு. இவை ஒவ்வொன்றிலும் 'சி' அல்லது அதற்கு மேல் வாங்கியிருக்க வேண்டும். சராசரி கிரேடுப் புள்ளி மாநிலவாசிகளுக்கு 2.4, மற்றவர்களுக்கு 2.8. இவை நுழைவாயிலைத் தொடுவதற்கான அளவுகள் மட்டுமே. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் வளாகங்களில் இடம் பெறுவோரின் சராசரி பொதுவாக 3.5க்கும் மேலே இருக்கும்.

எந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் எந்த வளாகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை 'அசிஸ்ட்' என்னும் மாநில இணையதளம் வரிசைப்படுத்தித் தருகிறது. பொறியியல், கணினி அறிவியல் போன்ற துறைகளில் ஆயத்தப் பாடம் ஒன்று விடுபட்டாலும் சராசரி எவ்வளவு உயர்ந்திருந்தும் இடம் நழுவக்கூடும். இதைக் கடைசி ஆண்டில் கண்டுபிடிப்பவர்கள் பலர். முதல் பருவத்திலேயே அந்தப் பட்டியலைக் கையில் எடுத்துக்கொள்வது ஓராண்டை மிச்சப்படுத்தும்.

காலக்கோடு

இலையுதிர் காலச் சேர்க்கைக்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டு நவம்பர் 30 வரை ஏற்கப்படும். அது வார இறுதியில் விழுந்தால் ஓரிரு நாள் தள்ளும். டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாந்தா பார்பரா, சாந்தா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் சமுதாயக் கல்லூரி மாணவர்களுக்கு இட உத்தரவாதம் வழங்குகின்றன. அதற்கான தனி விண்ணப்பம் செப்டம்பர் மாதத்தில். ஒருவர் ஒரு வளாகத்துக்கு மட்டுமே உத்தரவாதம் கேட்கலாம். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ ஆகியவை இந்த ஏற்பாட்டில் இல்லை.

நவம்பரில் விண்ணப்பம் போடும்போது இலையுதிர் பருவமே முடிந்திருக்காது. ஆகவே ஜனவரி 31க்குள், முடிந்த பருவத்தின் கிரேடுகளையும் அடுத்துப் படிக்கவிருக்கும் பாடங்களையும் இணையவழியில் புதுப்பித்துத் தர வேண்டும். விண்ணப்பத்துக்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியைக்கூட மாணவர்கள் இதற்குக் கொடுப்பதில்லை. ஆனால் தேர்வுக் குழு முடிவெடுக்கும்போது அதன் முன் இருக்கும் கடைசிக் கிரேடுகள் இவைதான். வசந்த காலத்துக்கு எழுதிக் கொடுத்த பாடப் பட்டியலையும் குழு ஒரு வாக்குறுதியாகவே எடுத்துக்கொள்கிறது.

முடிவுகள் வளாகத்துக்கு வளாகம் வெவ்வேறு நாளில் வரும். பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் பெரும்பாலும் ஏப்ரல் பிற்பகுதியில் அறிவிக்கின்றன. இடம் கிடைத்தவர் ஜூன் 1க்குள் சேர்வதாக ஒப்புதல் தெரிவிக்க வேண்டும். பள்ளி முடித்து நேராக வருவோருக்கு இது மே 1. இறுதி கிரேடுகள் அடங்கிய அதிகாரபூர்வ டிரான்ஸ்கிரிப்ட் ஜூலை 1க்குள் அனுப்பப்பட வேண்டும். பல கல்லூரிகளில் படித்தவர் ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியே அனுப்பச் செய்ய வேண்டும். கோடையில் எடுத்த ஒரே ஒரு பாடமானாலும் இதில் விலக்கு இல்லை.

ஜூலை 1 எல்லோருக்கும் ஒரே மாதிரி எளிதானதல்ல. செமஸ்டர் முறைக் கல்லூரிகள் பலவற்றில் மே இறுதிக்குள் தேர்வுகள் முடிந்துவிடும். கூப்பர்ட்டினோவிலுள்ள டி ஆன்சா, அதன் இணைக் கல்லூரியான ஃபுட்ஹில் ஆகியவை காலாண்டு முறையைப் பின்பற்றுபவை. அங்கே வசந்தக் காலாண்டு ஜூன் பிற்பகுதி வரை நீளும். அந்த மாணவர்களுக்குக் கிரேடு ஏறுவதற்கும் டிரான்ஸ்கிரிப்ட் போவதற்கும் சில நாள்களே கிடைக்கின்றன. கல்லூரி நாட்காட்டிகள் இப்படி வேறுபடும்போது எல்லாருக்கும் ஒரே கெடு வைப்பது நியாயமாகத் தெரியவில்லை. கிரேடுகள் பதிவான பின் டிரான்ஸ்கிரிப்டை அனுப்பும்படி முன்கூட்டியே கேட்டு வைக்கும் வசதி பல கல்லூரிகளில் உண்டு. இவர்கள் அதைத் தவறாமல் பயன்படுத்த வேண்டும்.

நிபந்தனைகளும் ரத்தும்

சேர்க்கை ஒப்பந்தத்தில் நிபந்தனைகள் எழுதப்பட்டிருக்கும். சொன்ன பாடங்களை முடித்திருக்க வேண்டும், 'டி', 'எஃப்' வரக்கூடாது, வளாகம் குறிப்பிட்ட சராசரி குறையக்கூடாது, கெடுவுக்குள் ஆவணங்கள் சேர வேண்டும் என்பவை பொதுவானவை. பாடத்தைக் கைவிட்டாலோ, மாற்றினாலோ, கிரேடு விழுந்தாலோ உடனே வளாகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதும் அவற்றில் ஒன்று. முன்பே சொன்னவருக்கு மாற்றுப் பாடமோ விலக்கோ கிடைக்க வாய்ப்புண்டு. மறைத்தது ஜூலையில் டிரான்ஸ்கிரிப்ட் வழியே தெரியவந்தால் அந்த வாய்ப்பு சுருங்கிவிடும்.

ஆவணக் கெடு எவ்வளவு கடுமையாக வெட்டக்கூடும் என்பதை 2017 கோடை காட்டியது. அர்வைன் வளாகத்தில் எதிர்பார்த்ததைவிட நூற்றுக்கணக்கானோர் கூடுதலாகச் சேர ஒப்புக்கொண்டிருந்தனர். வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருக்கையில் சுமார் 500 பேரின் சேர்க்கை ரத்தானது. பாதிக்கு மேற்பட்டவை டிரான்ஸ்கிரிப்ட் தொடர்பானவை. மற்றவை குறைந்த கிரேடுகளால் வந்தவை. எதிர்ப்பு கிளம்பியதும் வளாகத் தலைவர் ஹோவர்ட் கில்மன் மன்னிப்புக் கேட்டார். கல்வித் தரத்தை எட்டாதது டிரான்ஸ்கிரிப்டிலேயே தெளிவாகத் தெரிந்தவர்கள் தவிர, மற்றவர்களுக்கு இடம் திரும்பக் கிடைத்தது. தாளும் தேதியும் தவறியதற்காக ஒரு மாணவரின் உழைப்பைத் தள்ளிவிடக்கூடாது என்ற மக்களின் குரல் அன்று வென்றது. அது சரியான வெற்றி.

பிற நிறுவனங்களில்

லாஸ் ஏஞ்சலஸிலுள்ள தனியார் நிறுவனமான தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் வேறு வழியைக் கையாள்கிறது. விண்ணப்பதாரர்களில் ஒரு பகுதியினருக்கு முடிவைத் தள்ளிவைத்து, வசந்தப் பருவ இறுதி கிரேடுகளைக் கேட்டு வாங்கிய பின்னரே பதில் சொல்கிறது. அங்கே கடைசிப் பருவம் முடிவையே தீர்மானிக்கிறது. காத்திருப்பு கோடைக்குள் நீள்வதால், அதற்குள் வேறிடத்தில் ஜூன் 1 ஒப்புதலைக் கொடுத்துவிட வேண்டிய நெருக்கடி மாணவருக்கு வருகிறது.

மாநிலப் பல்கலைக்கழக வளாகங்களுக்கு, 2010இல் நிறைவேறிய சட்டத்தின் கீழ் மாற்றுச் சேர்க்கைக்கான துணைப் பட்டம் உண்டு. அதை முடித்தவருக்கு அந்த அமைப்பில் ஓர் இடம் உறுதி. ஆனால் விரும்பிய வளாகமே கிடைக்கும் என்ற உறுதி இல்லை.

இக்கட்டுரையில் உள்ள தேதிகள் பொதுவாகப் பின்பற்றப்படுபவை. விண்ணப்பிப்பவர்கள் தங்கள் சேர்க்கைக் கடிதத்தில் உள்ள தேதிகளையும் நிபந்தனைகளையுமே இறுதியானவையாகக் கொள்ள வேண்டும். வசந்தப் பருவத்தில் ஒரு கிரேடு சரிவதாகத் தெரிந்தால், ஜூலை வரை காத்திராமல் அன்றைக்கே வளாகத்துக்கு எழுதிவிட வேண்டும்.