பத்துயிரா: பேப்பர் போட்ட பையன்

போன வருஷம் அப்பா இறந்த நாற்பதாம் நாள், சாமி பார்க்கும் ஒருவரிடம் போகலாம் என்று அத்தை அம்மாவைக் கூப்பிட்டார். நான் வேண்டாம் என்றேன். அம்மா போய்விட்டு வந்தார். அவர் என்ன சொன்னார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அந்த நாட்களில்தான் தற்செயலாக பிரேசில்காரர் ஒருவரின் வாழ்க்கையைப் படித்தேன்.

அவர் பெயர் அந்தோனியோ கொன்சால்வெஸ் ட சில்வா. 1839இல் போர்த்துகலில் பிறந்தவர். பதினொரு வயது வாக்கில் பிரேசிலுக்குக் கப்பல் ஏறினார். ரியோ, கம்பினாஸ் என்று சுற்றிவிட்டு சாவ் பாவ்லோ வந்து சேர்ந்தார். அங்கே 'கொர்ரெய்யோ பவுலிஸ்தானோ' நாளிதழை வீடு வீடாகப் போட்டார். பையன் ஓடுகிற வேகத்தைப் பார்த்த ஊர்க்காரர்கள், சதுப்பு நிலத்தில் விறுவிறுவென்று ஓடும் ஒரு சின்னப் பறவையின் பெயரை அவனுக்கு வைத்தார்கள்: பத்துயிரா. கேலிப்பெயர்தான். ஆனால் அவர் அதையே தன் பெயராக்கிக்கொண்டார்.

பிறகு சுருட்டு செய்து விற்றார். சேர்த்த காசில் லாவபேஸ் பகுதியில் நிலம் வாங்கினார், சின்னச் சின்ன வீடுகள் கட்டி வாடகைக்கு விட்டார். பிரேசிலில் அடிமைமுறை 1888 வரை சட்டப்படி இருந்தது. தப்பி வந்த அடிமைகளை அவர் தன் வீட்டில் ஒளித்து வைத்தார் என்று அவரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. மகன் ஒருவன் சிறுவயதிலேயே இறந்துபோனான். அந்தத் துக்கம்தான் அவரை ஸ்பிரிட்டிசத்தின் பக்கம் திருப்பியது என்கிறார்கள்.

ஸ்பிரிட்டிசம் 1857இல் பாரிசில் அலன் கார்டெக் வெளியிட்ட 'ஆவிகளின் நூல்' வழியாகப் பரவிய கொள்கை. இறந்தவர்களோடு பேச முடியும், ஆன்மா மீண்டும் மீண்டும் பிறந்து முன்னேறும், தர்மம் செய்யாமல் மீட்சி இல்லை. சுருக்கமாக இவ்வளவுதான். பிரான்சில் பிறந்தது, பிரேசிலில்தான் வேர் பிடித்தது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 38 லட்சம் பிரேசிலியர்கள் தங்களை ஸ்பிரிட்டிஸ்ட் என்று பதிந்திருக்கிறார்கள்.

1890 மே மாதம் பத்துயிரா 'உண்மையும் ஒளியும்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதே ஆண்டு அக்டோபரில் புதிய குடியரசின் தண்டனைச் சட்டம் வந்தது. அதன் 157ஆவது பிரிவு மாந்திரீகத்தோடு சேர்த்து ஸ்பிரிட்டிசத்தையும் குற்றமாக்கியது, சிறைத்தண்டனை உண்டு. பத்திரிகை நிற்கவில்லை. 1897 வாக்கில் 15,000 பிரதிகள் அச்சானதாகச் சொல்கிறார்கள். கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. 1890இல் சாவ் பாவ்லோவின் மக்கள்தொகையே சுமார் 65,000தான். பத்தாண்டில் இத்தாலி, போர்த்துகல், ஸ்பெயினிலிருந்து வந்தவர்களால் அது 2,40,000 ஆக வீங்கியது. நாட்டில் பெரும்பாலோருக்கு எழுதப்படிக்கவும் தெரியாது. அப்படியானால் ஒருவர் படிக்க, நாலு பேர் கேட்டிருக்க வேண்டும்.

பக்தர்கள் எழுதும் வரலாற்றில் இந்த இடம் வந்ததும் ஒளி பாய்ந்துவிடும்: வியாபாரி செத்தார், மகான் பிறந்தார். எனக்கு அப்படித் தெரியவில்லை. நான் பொறியாளன். ஒரு அமைப்பு எப்படி ஓடுகிறது என்றுதான் முதலில் பார்ப்பேன். பேப்பர் எந்தத் தெருவில், எந்த வீட்டுக்குப் போகும் என்று சின்ன வயதிலேயே நடந்து படித்தவர் அவர். ஒரு பொருளைக் கையால் செய்து விற்கத் தெரியும். வாடகை வரும், அதில் தாள் வாங்கலாம். மதம் மாறினாலும் கால் மாறவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஹோமியோபதி மருந்து கொடுத்தார், ஏழைகளைத் தங்க வைத்தார். வந்தவர்கள் என்ன நம்பினார்களோ தெரியாது, சோறும் மருந்தும் கிடைத்தது.

அதற்காக அவர் சொன்னதெல்லாம் சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஆவிகள் பேசும் என்று நான் நம்பவில்லை. துக்கத்தில் இருப்பவரிடம் ஒருவர் 'உன் பிள்ளை பேசுகிறான்' என்று சொல்வது எவ்வளவு பெரிய அதிகாரம்! அதை வைத்துப் பணம் பண்ணியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. பத்துயிரா சேர்த்த சொத்தோ எதிர்த்திசையில் போனது. பிள்ளையை இழந்தவர் கடைக்காரராகவும் இருந்தால் துக்கத்தை விற்கலாம். அவர் அதைப் பங்குபோட்டார். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

1909 ஜனவரி 22 அன்று இறந்தார். அவர் வீடு இருந்த பக்கத்துத் தெருவுக்கு இன்றும் 'ருவா எஸ்பிரித்தா' என்று பெயர். ஸ்பிரிட்டிஸ்ட் தெரு. ஒரு காலத்தில் சட்டம் குற்றம் என்று சொன்ன சொல், இப்போது தபால்காரர் தேடும் முகவரி.

அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "அந்தப் பையன் பேசினானா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் முதல்முறையாக, அன்றைக்கு அந்தச் சாமி பார்ப்பவர் என்ன சொன்னார் என்று கேட்கத் தோன்றியது.