பக்கவாதத்துக்குப் பிறகு விடாத வலி: ஏன் வருகிறது? என்ன செய்யலாம்?

பக்கவாதம் வந்து சில மாதம் ஆகிவிட்டது. தாத்தாவின் பேச்சு தெளிந்துவிட்டது, நடையும் தேறிவருகிறது. ஆனால், "கை எரியுது" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். பார்த்தால் காயமும் இல்லை, வீக்கமும் இல்லை.

'சும்மா சொல்றாரோ?' என்று நினைத்துவிடாதீர்கள். அந்த வலி உண்மையானது.

வலி எங்கிருந்து வருகிறது?

கையிலிருந்து அல்ல, மூளையிலிருந்து. தொடுதல், சூடு, குளிர் ஆகிய உணர்வுகளைக் கையாளும் மூளைப் பகுதிகள் பாதிக்கப்பட்டால் தகவல்கள் குழம்பிப்போகும். சட்டை உரசினாலும், ஏர்கான் காற்று பட்டாலும்கூட வலிக்கலாம். பக்கவாதம் வந்து சில வாரங்களோ மாதங்களோ கழித்தும் இது தொடங்கலாம்.

பெனடால் போதாதா?

பெரும்பாலும் போதாது. அமிட்ரிப்டிலின், லமோட்ரிஜின், பிரிகாபலின் போன்ற மருந்துகளை மருத்துவர் பரிந்துரைக்கலாம். இணையத்தில் தேடினால் மனச்சோர்வு மருந்து, வலிப்பு மருந்து என்று வரும். பயப்படவேண்டாம். அவை நரம்புகளின் மிகையான தூண்டலைத் தணிக்கின்றன.

குறைந்த அளவில் தொடங்கி மெதுவாகக் கூட்டுவார்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகலாம். வலி முழுசா போகாவிட்டாலும், நன்றாகத் தூங்கும் அளவுக்குக் குறைந்தாலே முன்னேற்றம்தான். மயக்கம், தூக்கக் கலக்கம் வரலாம், விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மருந்தைத் திடீரென நிறுத்தக்கூடாது.

டாக்டரிடம் எப்படிச் சொல்வது?

தாத்தா பாட்டிக்காக மொழிபெயர்ப்பது நீங்களா? அப்படியென்றால் 'வலி' என்ற ஒரே சொல்லோடு நிறுத்தாதீர்கள்.

• எரியுதா, குத்துதா, கரண்ட் அடிக்கிற மாதிரி இருக்கா என்று கேட்டு, அவர் சொல்வதை அப்படியே சொல்லுங்கள். சிகிச்சையை முடிவுசெய்ய அது உதவும்.
• எது பட்டால் கூடுகிறது, தூக்கம் கெடுகிறதா என்று குறித்துவையுங்கள்.
• தோள்பட்டையை அசைக்கும்போது மட்டும் வலித்தால் அதையும் சொல்லுங்கள். அதற்கான சிகிச்சை வேறு.

வீட்டில் கவனம்

உணர்வு குறைந்த கையில் சுடுநீர்ப் பை வைக்காதீர்கள். சூடு தெரியாமலேயே தோல் வெந்துபோகலாம். மெல்லிய உடற்பயிற்சியைத் தொடரலாமா என்று உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் கேளுங்கள்.

முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சு குழறுதல் ஆகியவை திடீரென வந்தால் அது பழைய வலி அல்ல. மீண்டும் பக்கவாதமாக இருக்கலாம். சிங்கப்பூரில் உடனே 995-ஐ அழையுங்கள்.