கருங்கற் குவிமாடங்களில் புதிய ஏறுதடம் அமைத்தல்

கருங்கற் குவிமாடங்களில் புதிய ஏறுதடம் அமைத்தல் என்பது, குவிமாட வடிவிலான கருங்கற் பாறையில் அதுவரை எவரும் ஏறியிராத வழியொன்றைக் கண்டறிந்து, அவ்வழியே முதன்முதலாக உச்சியை அடையும் பாறையேற்றச் செயற்பாடு ஆகும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு நண்பர்களைக் கொண்ட சிறு குழுக்களே இதில் ஈடுபடுகின்றன. முதலில் ஏறும் குழு பாறையில் பதித்துவிட்டு வரும் எஃகு ஆணிகளையே பின்னர் ஏறுவோரும் நம்பியிருக்க வேண்டியுள்ளது. எனவே, பின்வருவோர் எதிர்கொள்ளும் ஆபத்தின் அளவையும் முதற்குழுவே பெருமளவு தீர்மானித்துவிடுகிறது. இதன் காரணமாக இத்துறையில் எழுதப்படாத நெறிகள் பல உருவாகியுள்ளன.

இத்தகைய ஏற்றம் உலகின் பல பகுதிகளில் நடைபெறுகின்றது. இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் சியெரா நெவாடா மலைத்தொடரில் அமைந்துள்ள யொசெமிட்டி தேசியப் பூங்காவும், அப்பூங்காவுக்குள் சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் உள்ள துவாலமி புல்வெளிப் பகுதியும் ஆகும். துவாலமிக்குச் செல்லும் தையோகா சாலை பனிப்பொழிவு காரணமாக வழக்கமாக நவம்பர் முதல் மே அல்லது சூன் வரை மூடப்பட்டிருக்கும். ஆகையால் இங்குள்ள குவிமாடங்களில் பெரும்பாலும் கோடைகாலத்திலேயே ஏறுகின்றனர்.

குவிமாடங்களின் தோற்றம்

துவாலமிப் பகுதிப் பாறைகளில் பெரும்பகுதி கதீட்ரல் சிகரக் கிரானோடயோரைட்டு எனப்படும் கருங்கல் வகையைச் சேர்ந்தது. இது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நிலத்தடியில் பாறைக்குழம்பு மெல்ல மெல்லக் குளிர்ந்து இறுகியதால் உருவானது. மெதுவாகக் குளிர்ந்தமையால் இதில் பெல்ட்சுபார் கனிமத்தின் பெரிய படிகங்கள் வளர்ந்துள்ளன. சில படிகங்கள் விரல் நீளத்துக்கும் காணப்படுகின்றன. சுற்றியுள்ள பாறை தேய்ந்த பின்னரும் இப்படிகங்கள் தேயாமல் குமிழ்களைப் போல் வெளியே துருத்தி நிற்கின்றன.

மேலே இருந்த பாறைகள் அரிக்கப்பட்டு நீங்கியபோது, கீழிருந்த கருங்கல்லின் மீதான அழுத்தம் குறைந்தது. அதனால் நில மேற்பரப்புக்கு இணையாக வெடிப்புகள் தோன்றி, வெங்காயத் தோல் உரிவதைப் போல் பாறை ஏடு ஏடாகப் பெயர்ந்தது. இதனை ஏட்டுரிவு எனலாம். விளிம்புகளும் மூலைகளும் முதலில் உதிர்வதால் எஞ்சும் பாறை உருண்ட வடிவம் பெறுகின்றது. அமெரிக்க நிலவியலாளர் குரோவ் கார்ல் கில்பர்ட் 1904 ஆம் ஆண்டிலேயே சியெராவின் குவிமாடங்களைப் பற்றி இவ்வகை விளக்கத்தை முன்வைத்தார். பின்னர் பனியாறுகள் இப்பகுதியின் பல குவிமாடங்களின் மீது ஊர்ந்து சென்று, சில இடங்களில் பாறையைக் கண்ணாடி போல் மெருகேற்றின. லெம்பர்ட் குவிமாடத்தின் ஒருபுறம் சாய்வாகவும் மறுபுறம் செங்குத்தாகவும் இருப்பதற்கும் பனியாற்றின் செயலே காரணம் ஆகும்.

ஏற்றத்தின் தன்மை

பாறையில் செங்குத்து வெடிப்பு இருந்தால், அதில் உலோக ஆப்பு அல்லது விரிந்து பற்றும் கருவி ஒன்றைச் செருகிக் கயிற்றை அதனுடன் இணைக்கலாம். ரே ஜார்டைன் உருவாக்கி 1978 இல் விற்பனைக்கு வந்த 'பிரண்ட்ஸ்' எனும் கருவி இவ்வகையினது. இவற்றைப் பின்னால் வருபவர் கழற்றி எடுத்துவிடுவதால் பாறையில் ஏதும் எஞ்சுவதில்லை.

ஆனால் குவிமாடங்களின் முகப்பில் பெரும்பகுதி வெடிப்பற்ற வழவழப்பான சரிவு ஆகும். இங்குக் கருவிகளைச் செருக இடமில்லை. ஏறுபவர் காலணியின் இரப்பர் அடிப்பாகத்திற்கும் பாறைக்கும் இடையிலான உராய்வையும், சிறு படிகங்களையும் குமிழ்களையும் நம்பியே மேலே செல்ல வேண்டும். பெரிய குமிழாக இருப்பின் அதன் கழுத்தில் நாடாவைச் சுற்றி ஓரளவு பாதுகாப்புப் பெறலாம். மற்ற இடங்களில் பாறையில் துளையிட்டு, போல்ட் எனப்படும் எஃகு ஆணியைப் பதிப்பதே ஒரே வழி.

அடுத்தடுத்த இரு போல்ட்டுகளுக்கு இடையிலான தொலைவு முக்கியமானது. கடைசிப் போல்ட்டிலிருந்து 10 மீட்டர் மேலே சென்ற ஒருவர் தவறினால், அந்தப் போல்ட் வரை 10 மீட்டரும் அதற்குக் கீழே மேலும் 10 மீட்டருமாக 20 மீட்டர் விழுவார். கயிறு நீள்வதால் இத்தொலைவு இன்னும் சற்றுக் கூடும். சரிவான பாறையில் விழுபவர் அந்தரத்தில் தொங்குவதில்லை. பாறையில் உராய்ந்தும் மோதியும் உருள்வதால் கடும் காயங்கள் ஏற்படலாம்.

அமைக்கும் முறை

பாறையைத் தேர்ந்தெடுத்தல்

குழுவினர் முதலில் குவிமாடத்தைத் தொலைவிலிருந்து தொலைநோக்கி வழியாக ஆராய்கின்றனர். காலையிலும் மாலையிலும் வெயில் சாய்வாக விழும்போது குமிழ்களின் வரிசைகளும் மெல்லிய விளிம்புகளும் நிழலால் புலப்படும். மழைநீர் வடிந்த கருங்கோடுகள், நிறம் மாறிய பாறை நரம்புகள் முதலியனவும் வழியைத் தீர்மானிக்க உதவுகின்றன. சாலையிலிருந்து தொலைவிலுள்ள குவிமாடங்களுக்குக் கயிறு, ஆணி, உணவு, நீர் ஆகியவற்றை முதுகில் சுமந்தே செல்ல வேண்டும். கீழிருந்து தெளிவாகத் தெரிந்த தடம் பாறையின் நடுவில் வெறுமையாக முடிந்துவிடுவதும் உண்டு.

கீழிருந்து ஏறித் துளையிடுதல்

மரபான முறையில் தடம் அடிவாரத்திலிருந்து மேல்நோக்கியே அமைக்கப்படுகின்றது. முதலில் ஏறுபவர் கயிற்றின் ஒரு முனையை உடலில் கட்டிக்கொண்டு செல்வார். கீழே நிற்கும் நண்பர் கயிற்றைச் சிறிது சிறிதாக விட்டுக்கொடுத்து, அவர் தவறினால் இறுக்கிப் பிடிப்பார். ஏறுபவர் கைகளை விட்டு நிற்கக்கூடிய இடத்தை அடைந்ததும், துளையூசியைப் பாறையில் வைத்துச் சுத்தியலால் அடித்தும் திருப்பியும் துளையிடத் தொடங்குவார். கருங்கல்லின் கடினத்தையும் ஆணியின் பருமனையும் பொறுத்து ஒரு துளைக்கு அரைமணி நேரமும் அதற்கு மேலும் ஆகலாம். அந்நேரம் முழுவதும் அவர் இரு காலணி முனைகளில் நிற்க வேண்டும். நிற்க இயலாத இடத்தில் சிலர் எஃகுக் கொக்கியை ஒரு குமிழின் மீது மாட்டி, அதில் தொங்கியபடி துளையிடுவர். கொக்கி நழுவினால், முடியாத துளையும் கையில் சுத்தியலுமாக அவர் விழ நேரிடும்.

முதலில் ஏறியவர் களைத்துப்போனால் கீழே இறங்க, மற்றொருவர் அவரிடத்தில் தொடர்வார். இவ்வாறு ஒரு தடம் முடிய ஒரு நாளும் ஆகலாம். பல ஆண்டுகளின் கோடைகளும் ஆகலாம். நண்பர் குழுக்களே இதில் மிகுதியாக ஈடுபடுவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆகும். துளையிடுபவரின் உயிர் நெடுநேரம் கயிறு பிடிப்பவரின் கவனத்தில் உள்ளது. எப்போது திரும்ப வேண்டும் என்பதையும் அவர்கள் தமக்குள் தயக்கமின்றிச் சொல்லிக்கொள்ள வேண்டியுள்ளது. கோடைப் பிற்பகல்களில் இடிமழை திரள்வதால், மின்னலுக்கு அஞ்சிப் பாதியில் இறங்குவது வழக்கமானதே.

தடத்தை முதலில் ஏறி முடித்தவர்களுக்கே அதற்குப் பெயரிடும் உரிமை உண்டு. பெயர், கடினத் தரம், ஏறியோர், ஆண்டு ஆகியவை வழிகாட்டி நூல்களில் பதிவு செய்யப்படுகின்றன. கயிற்றுடன் ஏறும் தடங்களின் கடினத்தை இங்கு 5.0, 5.1 என்றவாறு குறிக்கின்றனர். 5.10 முதல் ஒவ்வொரு தரமும் ஏ, பி, சி, டி எனப் பிரிக்கப்படுகின்றது. இவ்வெண் ஏற்றத்தின் கடினத்தை மட்டுமே சுட்டும். விழுந்தால் நேரக்கூடிய ஆபத்தை அது சுட்டுவதில்லை.

வரலாறு

ஹாஃப் டோம், 1875

யொசெமிட்டிப் பள்ளத்தாக்கின் ஹாஃப் டோம் (பொருள்: அரைக்குவிமாடம்) கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,694 மீட்டர் உயரமானது. கலிபோர்னிய நிலவியல் அளவைக்குத் தலைமை தாங்கிய ஜோசையா விட்னி, இதன் உச்சியை எவராலும் அடைய முடியாது என்று 1860களில் கருத்துத் தெரிவித்திருந்தார். இசுக்கொட்லாந்தில் பிறந்த ஜோர்ஜ் ஆன்டர்சன் 1875 அக்டோபர் 12 அன்று அதன் உச்சியை அடைந்தார். அவர் பாறையில் துளையிட்டு இரும்பு ஆணியை அறைந்து, அதன்மேல் நின்று அடுத்த துளையை இட்டு, இவ்வாறே உச்சி வரை சென்றார். அவருடைய வழியை ஒட்டியே 1919 இல் சியெரா கழகம் கம்பிவடங்களை அமைத்தது. இன்றும் நடைப்பயணிகள் அக்கம்பிவடங்களைப் பற்றியே உச்சிக்குச் செல்கின்றனர்.

பெயர்வியூ குவிமாடம், 1958

துவாலமியின் பெரிய குவிமாடங்களுள் ஒன்றான பெயர்வியூவின் வடமுகத்தில் சக் பிராட், வாலி ரீட் ஆகியோர் 1958 இல் ஏறினர். வெடிப்புகளைத் தொடர்ந்து செல்லும் இத்தடத்தின் தரம் 5.9 ஆகும். இசுட்டீவ் ரோப்பரும் ஆலன் இசுடெக்கும் 1979 இல் வெளியிட்ட வட அமெரிக்காவின் ஐம்பது சிறந்த ஏற்றங்கள் பற்றிய நூலில் இத்தடமும் இடம்பெற்றது.

ஸ்னேக் டைக், 1965

ஹாஃப் டோமின் தென்மேற்குப் பக்கத்தில் வெளிர்நிறப் பாறை நரம்பொன்று பாம்பைப் போல் வளைந்து மேலேறுகின்றது. எரிக் பெக், ஜிம் பிரிட்வெல், கிறிஸ் பிரடெரிக்ஸ் ஆகியோர் 1965 இல் இதன் வழியே ஏறினர். தரம் 5.7 மட்டுமே என்பதால் அவர்கள் மிகச் சில போல்ட்டுகளையே பதித்தனர். எளிய தடம் என்று நம்பி வரும் புதியவர்களுக்கு இது ஆபத்தாகலாம் என்று உணரப்பட்டதால், முதற்குழுவின் இசைவுடன் மேலும் சில போல்ட்டுகள் பின்னர் சேர்க்கப்பட்டன. அவ்வாறு சேர்த்த பின்னரும் போல்ட்டுகளுக்கு இடையே நெடுந்தொலைவு உள்ள தடமாகவே இது அறியப்படுகின்றது.

பாச்சார்-யேரியன், 1981

மெட்லிகாட் குவிமாடத்தில் சுமார் 150 மீட்டர் நீளமுள்ள இத்தடத்தை ஜான் பாச்சாரும் டேவ் யேரியனும் 1981 இல் அமைத்தனர். குமிழ்கள் நிறைந்த செங்குத்தான முகப்பில், கீழிருந்து ஏறியவாறே பாச்சார் துளையிட்டார்; சில இடங்களில் கொக்கிகளில் தொங்கியும் துளையிட்டார். தடம் முழுவதற்கும் 13 பாதுகாப்புப் போல்ட்டுகளே பதிக்கப்பட்டன. 5.11சி தரமுடைய இத்தடம், உடல்திறனுக்கு நிகராக மனவுறுதியையும் சோதிப்பதாக ஏறுவோரிடையே பெயர் பெற்றது. கயிறின்றித் தனியே ஏறுவதிலும் புகழ்பெற்றிருந்த பாச்சார், 2009 சூலை 5 அன்று மாமத் லேக்ஸ் நகருக்கு அருகே அவ்வாறு ஏறும்போது விழுந்து இறந்தார்.

நெறிமுறை விவாதங்கள்

1980களில் வேறொரு முறை பரவியது. இதில் குழுவினர் எளிய வழியில் உச்சிக்குச் சென்று, மேலிருந்து கயிற்றில் இறங்கி, வசதியான இடங்களில் போல்ட்டுகளைப் பதித்த பின்னரே கீழிருந்து ஏறுகின்றனர். இம்முறையில் போல்ட்டுகளைப் பொருத்தமான இடைவெளியில் அமைக்கலாம்; தளர்ந்த பாறைகளையும் முன்கூட்டியே அகற்றலாம்.

கீழிருந்து ஏறும் மரபினர் இதனை எதிர்த்தனர். தவறினால் விழ நேரிடும் என்ற நிலையில் இடப்படும் துளை தேவைக்கு மட்டுமே இடப்படும் என்பதும், இன்று ஏற முடியாத பாறையை நாளைய தலைமுறைக்கு விட்டுவைக்க வேண்டும் என்பதும் அவர்களின் வாதங்கள். மறுதரப்பினரோ, முதலில் ஏறியவரின் துணிச்சலுக்காகப் பின்வருவோர் உடலைப் பணயம் வைக்க வேண்டியதில்லை என்கின்றனர். 2007 இல் ஹாஃப் டோமின் தென்முகத்தில் ஒரு தடத்தின் பகுதிகள் மேலிருந்து போல்ட்டு பதித்து அமைக்கப்பட்டபோது இவ்விவாதம் மீண்டும் எழுந்தது.

முதற்குழுவின் இசைவின்றி ஒரு தடத்தில் புதிய போல்ட்டைச் சேர்க்கக்கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட நெறி ஆகும். ஸ்னேக் டைக்கில் போல்ட்டுகள் சேர்க்கப்பட்டதும் பாச்சார்-யேரியனில் சேர்க்கப்படாததும் இந்நெறியின் இரு பக்கங்களைக் காட்டுகின்றன. முதற்குழுவினர் இறந்துவிட்டால் இசைவு கேட்க எவரும் இல்லாமற்போவதால், அவர்களின் முடிவே நிலைத்துவிடுகின்றது.

பழைய ஆணிகளைப் புதுப்பித்தல்

தொடக்ககாலப் போல்ட்டுகள் பல கால் அங்குலம் (சுமார் 6 மி.மீ.) பருமனே உடையவை. கையால் விரைவில் துளையிட ஏற்றவை என்பதால் இவை விரும்பப்பட்டன. பல்லாண்டுகள் பனியிலும் மழையிலும் துருவேறிய இவை, விழுபவரின் எடையைத் தாங்கா. 1998 இல் தொடங்கப்பட்ட அமெரிக்கப் பாதுகாப்பான ஏற்றச் சங்கம் இவற்றை அகற்றித் துருவேறா எஃகினால் ஆன பருமனான போல்ட்டுகளைப் பொருத்தி வருகின்றது. பழைய துளையையே அகலப்படுத்திப் பயன்படுத்துவதும், எண்ணிக்கையைக் கூட்டாதிருப்பதும் இப்பணியில் பின்பற்றப்படும் முறை ஆகும்.

சட்டமும் இயற்கைப் பாதுகாப்பும்

1964 ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம், வனாந்தரமாக அறிவிக்கப்பட்ட கூட்டரசு நிலங்களில் இயந்திரக் கருவிகளைப் பொதுவாகத் தடை செய்கின்றது. அதனால் யொசெமிட்டியின் குவிமாடங்களில் மின்துளைப்பானைப் பயன்படுத்த இயலாது; கையால் மட்டுமே துளையிடலாம். பாறையில் நிலையாகப் பதிக்கும் ஆணிகளைத் தடைக்குரிய கட்டமைப்புகளாகக் கருதும் வரைவு விதிகள் 2023 இல் முன்வைக்கப்பட்டன. ஏறுவோரிடையே இவற்றுக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்த எக்ஸ்புளோர் சட்டம், வனாந்தரப் பகுதிகளில் பாறையேற்றத்தையும் அதற்கான நிலையான ஆணிகளையும் முறைப்படி ஏற்புடையனவாக அங்கீகரித்தது.

பொரி வல்லூறுகள் பாறை முகப்புகளில் கூடு கட்டுவதால், யொசெமிட்டியில் குறிப்பிட்ட சில பாறைகளில் வழக்கமாக மார்ச்சு முதல் சூலை நடுப்பகுதி வரை ஏறுவதற்குத் தடை விதிக்கப்படுகின்றது.

இவற்றையும் பார்க்க

பாறையேற்றம்
யொசெமிட்டி தேசியப் பூங்கா
சியெரா நெவாடா
கருங்கல்
பனியாறு