"நாங்க யாருட பக்கம், சேர்?" – சீதாவாக்கையின் எழுபது வருடப் போரும் நாமும்

போன தவணை விடுமுறைக்கு முன்னர் தரம் 10 பிள்ளைகளை அவிசாவளைக்கு அழைத்துச் சென்றோம். பெரெண்டி கோயிலின் கல் அடித்தளத்தைப் பார்த்துவிட்டு ஆற்றங்கரையில் சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது ஒரு மாணவன் கேட்டான்: "சேர், அந்த நேரம் நாங்க யாருட பக்கம் சண்டை புடிச்ச?"

எங்களோடு வந்த ஆசிரியர்கள் மூவருமே உடனே "மாயாதுன்னை மன்னன் பக்கம்" என்றோம். மேடைகளிலும் ஜும்ஆ முடிந்து நின்று பேசும்போதும் நாம் வழமையாகச் சொல்லும் பதில் அதுதான். பிழையும் இல்லை. ஆனால் பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தப் பதில் எங்களுக்கே போதாமல் இருந்தது. அதனால்தான் இந்த நீண்ட பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

பாடப்புத்தகத்தில் உள்ளதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். 1521இல் கோட்டை மன்னன் விஜயபாகுவை அவனது மூன்று மகன்மாரும் சேர்ந்து கொல்வித்து நாட்டைப் பிரித்துக்கொண்டார்கள். சிங்களத்தில் இதை 'விஜயபா கொள்ளய' என்பார்கள். மூத்தவன் புவனேகபாகுவுக்குக் கோட்டை, இன்னொருவனுக்கு றைகம, இளையவன் மாயாதுன்னைக்குச் சீதாவாக்கை. அதாவது இன்றைய அவிசாவளைப் பகுதி. அண்ணன் தன்னைக் காத்துக்கொள்ளப் போர்த்துக்கேயரைப் பிடித்துக்கொண்டான். தம்பியோ அண்ணனின் முழு இராச்சியத்தையும் கேட்டான். அன்று தொடங்கிய சண்டை 1594இல் சீதாவாக்கை விழும்வரை ஓயவில்லை. எழுபத்துமூன்று வருடங்கள். ஒருவன் பிறந்து, வளர்ந்து, பேரனைக் கண்டு மௌத்தாகும்வரை போர் மட்டுமே நடந்தது என்றால் அந்தச் சமூகம் எப்படி இருந்திருக்கும்?

முதலில் காணியைப் பாருங்கள். அக்காலத்தில் மன்னனிடம் சம்பளம் வாங்கும் நிரந்தரப் படை பெரிதாக இருக்கவில்லை. காணிதான் சம்பளம். வயலைப் பயிரிடும் குடும்பம் அதற்குப் பதிலாக இராஜகாரியம் செய்ய வேண்டும். ஒரு குடும்பத்துக்கு அது மட்பாண்டம் செய்வது, இன்னொன்றுக்கு யானை பிடிப்பது, மற்றொன்றுக்கு ஈட்டியோடு போருக்குப் போவது. போர் எப்போதாவது வரும் காலத்தில் இது நல்ல ஏற்பாடு. வருடந்தோறும் வந்தால், உழ வேண்டிய கை ஈட்டி பிடிக்கும். அறுக்க வேண்டிய நேரத்தில் எதிரிப் படை வந்து நெல்லை எரிக்கும், தென்னையையும் கமுகையும் வெட்டும். போருக்குப் போனவனுக்குச் சாப்பாடாவது கிடைத்ததா என்றால், ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ், படைவீரர் தம் உணவைத் தாமே கொண்டு போனதாக எழுதியிருக்கிறார். வீட்டில் மிஞ்சியவர்கள் எதைச் சாப்பிட்டார்கள் என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

அடுத்தது பெயர்கள். இதைப் பிள்ளைகள் மிகவும் விரும்பினார்கள். சிங்களத்தில் 'ஹேவா' என்றால் போர்வீரன். ஹேவாகே என்ற வாசகமப் பெயர் 'வீரன் வீட்டார்' என்ற பொருளில் வந்தது. முதலியார், முகாந்திரம், ஆராச்சி எல்லாம் அன்று படை நடத்தியவர்களின் பதவிகள். ஆராச்சி ஒரு சிறு அணிக்குத் தலைவன், முதலியார் அவனுக்கு மேல். ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் வந்த பின் அதே பட்டங்கள் கச்சேரி உத்தியோகங்களாக மாறின. எமது மூத்தவர்கள் 'ஆராச்சி மஹத்தயா' என்று மரியாதையாக அழைத்த கிராமத் தலைவரின் பதவி, ஒரு காலத்தில் ஈட்டிக்காரருக்கு முன்னால் நடந்தவனின் பதவி. போர் முடிந்து போனது, அது உண்டாக்கிய மேல் கீழ் முடியவில்லை.

நாம் அன்றாடம் சொல்லும் 'துவக்கு' என்ற சொல்லும் அப்படித்தான். துருக்கியரின் 'துஃபெக்' பல கைமாறி இங்கே வந்தது. போர்த்துக்கேயரின் துவக்கைக் கண்டு முதலில் மிரண்ட நமது நாட்டுக் கொல்லர்கள், ஒரு தலைமுறைக்குள் தாமே செய்யப் பழகினார்கள். அவர்களின் வேலைத்திறனைப் போர்த்துக்கேய எழுத்தாளர்களே புகழ்ந்திருக்கிறார்கள். காலூன்றி நிறுத்திச் சுடும் சிறு பீரங்கிக்குக் 'கொடிதுவக்கு' என்று பெயர். அதுவும் இன்று ஒரு குடும்பப் பெயர். போர்த்துக்கேயர் உள்நாட்டுப் படைவீரரை 'லஸ்கரின்' என்றார்கள். பாரசீகத்தில் படைக்கு 'லஷ்கர்', அரபியில் 'அஸ்கர்'. எமது வகுப்பிலுள்ள அஸ்கர் இதைக் கேட்டு அன்று முழுக்க நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தான்.

அந்த லஸ்கரின்களைப் பற்றித்தான் நாம் அதிகம் யோசிக்க வேண்டும். 'போர்த்துக்கேயப் படை' என்று நாம் படிப்பதில் பெரும்பாலானோர் இந்நாட்டவர்கள். வெள்ளையர் சில நூறு பேர், லஸ்கரின்கள் பல ஆயிரம். ஒரே ஊரார், சில வேளை ஒரே குடும்பத்தார், இரு பக்கமும் நின்றார்கள். காணி யாரிடம் இருக்கிறதோ அவர் பக்கம். தோற்கும் பக்கத்தைக் கண்டால் இரவோடிரவாக மாறிவிடுவார்கள். 1594இல் கண்டியைப் பிடிக்கப் போன போர்த்துக்கேயத் தளபதி பேதுரு லோபஸ் த சூசா தந்துறையில் அழிந்ததற்கு லஸ்கரின்கள் கைவிட்டது பெரிய காரணம். துரோகம் என்று எழுதுவது சுலபம். வயலையும் பிள்ளைகளையும் காப்பாற்ற வேண்டிய மனிதனுக்கு அன்று வேறு என்ன வழி இருந்தது?

இனி எங்கள் மாணவனின் கேள்விக்கு வருவோம்.

போர்த்துக்கேயர் வரும்போது கொழும்புத் துறையில் வணிகம் முஸ்லிம்களின் கையில் இருந்தது. 1526 அளவில் போர்த்துக்கேயரின் நெருக்குதலால் புவனேகபாகு மலபார் முஸ்லிம் வணிகரைத் தன் துறைகளிலிருந்து வெளியேற்றினான். மாயாதுன்னைக்குக் கறுவாக் காடு இருந்தது, கடற்படை இல்லை. அவன் கள்ளிக்கோட்டை சாமூதிரியிடம் உதவி கேட்டான். சாமூதிரியின் கப்பல்களில் மரிக்கார் தளபதிகளும் மாப்பிள்ளை வீரர்களும் வந்தார்கள். 1530களில் பலமுறை வந்தார்கள். கோட்டையை முற்றுகையிட்டார்கள், உயிரையும் கொடுத்தார்கள். 1538இல் இராமேஸ்வரத்துக்கு அருகே வேதாளையில் போர்த்துக்கேயர் அந்தக் கடற்படையை நொறுக்கினார்கள்.

இதுவரை நாம் எல்லோரும் பெருமையாகச் சொல்வோம். அடுத்த வருடம் நடந்ததைச் சொல்வதில்லை. 1539இல் போர்த்துக்கேயப் படையொன்று நெருங்கி வந்தபோது மாயாதுன்னை சமாதானம் கேட்டான். அவர்கள் விதித்த நிபந்தனை, உதவிக்கு வந்த மலபார் தளபதிகளை ஒப்படைக்க வேண்டும் என்பது. போர்த்துக்கேயர் எழுதியபடி, அவர்களின் தலைகளே அனுப்பப்பட்டன.

பஸ்ஸில் ஓர் ஆசிரியர் சொன்னார், "இதப் புள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேணுமா?" நாங்கள் சற்று வாதித்தோம். சொல்ல வேண்டும் என்றே முடிவெடுத்தோம். மாயாதுன்னை முஸ்லிம்களை வெறுத்தவன் அல்ல. தந்தையைக் கொன்று, அண்ணனோடு பொருதி, முடிக்காகவே வாழ்ந்தவன். அவனுடைய மகன் இராஜசிங்கன் முல்லேரியாவவில் போர்த்துக்கேயரைத் தோற்கடித்த மாவீரன். அவர்கள் 1565இல் கோட்டை நகரையே கைவிட்டுக் கொழும்புக்குள் ஒடுங்கினார்கள். பழைய தலைநகரம் காடாகியது. அதே இராஜசிங்கன் கண்டியைப் பிடித்த பின் வீரசுந்தர பண்டாரவைக் கொன்றான். அவருடைய மகன் கொனப்பு பண்டார போர்த்துக்கேயரிடம் ஓடி, பிறகு அவர்களையே உதறிவிட்டு முதலாம் விமலதர்மசூரியனாகக் கண்டியில் முடிசூடினான். 1587–88இல் இராஜசிங்கன் பெரும்படையோடு கொழும்பை மாதக்கணக்கில் முற்றுகையிட்டும் பிடிக்க முடியவில்லை. அவன் கவனத்தைத் திருப்பப் போர்த்துக்கேயர் தெற்கே தெவிநுவர ஆலயத்தை அழித்தார்கள். பிக்குமாரும் தப்பவில்லை. விமலதர்மசூரியன் உபசம்பதா கொடுக்க அரக்கானிலிருந்து பிக்குமாரை அழைக்க வேண்டிய நிலை வந்தது. அந்தப் போர் எவரையும் விட்டுவைக்கவில்லை, எமக்கு மட்டும் தனிக் கணக்கு இல்லை.

1626இல் போர்த்துக்கேயர் தம் பகுதியிலிருந்து முஸ்லிம்களை விரட்டினார்கள். கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் கொடுத்து, சுமார் 4000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். இதை நாம் நன்றியோடு சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். கரையோரத்தில் நின்ற சமூகம் மலைநாட்டுப் பாதைகளுக்கும் கிழக்கின் வயல்களுக்கும் பரந்ததில் இந்தப் போர்க்காலத்துக்குப் பெரிய பங்குண்டு. விரும்பிப் போனவர்கள் சிலர், துரத்தப்பட்டுப் போனவர்கள் பலர்.

அடுத்த நாள் வகுப்பில் அந்த மாணவனிடம் இவ்வளவையும் சொன்னோம். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அந்தத் தளபதிமார்ர கபுறு எங்க சேர்?" என்றான். எங்களிடம் பதில் இருக்கவில்லை.

உங்கள் வீட்டில் பழைய காணி உறுதி, ஓலை, குடும்ப வரலாறு எழுதிய கொப்பி ஏதும் இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். மூத்தும்மாவோ மூத்தவாப்பாவோ சொன்ன கதையானாலும் பரவாயில்லை. எந்த ஊரிலிருந்து வந்தோம் என்று அவர்கள் சொன்னதை அப்படியே கீழே எழுதிவிடுங்கள். பிழை கண்டால் தயங்காமல் திருத்துங்கள். அடுத்த தவணையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்க வைத்திருக்கிறோம்.