யூனானி வைத்தியம்: ஹகீமுக்கும் மருந்தாளுநருக்கும் நடுவே

வானகரத்தில் ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது பெரியவர் ஒருவர் மருந்துச் சீட்டை நீட்டினார். "ஹஜ்ரத், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க." தனியார் வைத்தியசாலை ஒன்றில் எழுதியது. மஃஜூன், ஸஃபூஃப், ஜோஷாந்தா என்று இருந்தது. மஃஜூன் என்றால் பிசைந்து செய்த லேகியம், ஸஃபூஃப் பொடி, ஜோஷாந்தா கஷாயம். இவ்வளவுதான் என்னால் சொல்ல முடிந்தது. அவர் உடம்புக்கு அது ஆகுமா என்பது ஹகீமும் மருந்தாளுநரும் சேர்ந்து பார்க்க வேண்டிய விஷயம்.

நம் ஊரிலிருந்து பூந்தமல்லி நெடுஞ்சாலையிலேயே மதுரவாயல், கோயம்பேடு தாண்டினால் அரும்பாக்கம். அங்கே அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகத்தில், 1979-இல் தொடங்கப்பட்ட அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. யூனானி முறையில் ஹகீம் நாடி பார்த்து, 'மிஸாஜ்' எனும் உடலின் இயல்பைக் கணித்து மருந்து எழுதுகிறார். எடுத்துக் கொடுப்பது மருந்தாளுநர். அரசு இந்திய மருத்துவமனைகளுக்கு மருந்து தயாரித்து அனுப்ப 1983-இல் ஏற்பட்டது 'டாம்ப்கால்' நிறுவனம்.

இந்த வேலைப் பிரிவினை முஸ்லிம் உலகில் பழையது. அப்பாஸியர் கால பாக்தாதிலேயே மருந்து விற்பவர் 'ஸைதலானி' என்று தனித் தொழிலாளராக இருந்தார். அல்பிரூனி தம் முதுமையில் எழுதிய நூல் 'கிதாபுஸ் ஸைதனா', மருந்தியல் பற்றியது. 1260-இல் கெய்ரோவில் யூத மருந்தாளுநர் கூஹின் அல்அத்தார், தம் மகனுக்காக 'மின்ஹாஜுத் துக்கான்' என்ற கையேட்டை எழுதினார். மருந்துக்கடைகளில் கலப்படம் உண்டா என்று பார்ப்பது முஹ்தஸிப் எனும் சந்தை அதிகாரியின் பொறுப்பு. நம் வீடுகளில் 'அத்தர்' என்றால் வாசனை மட்டும்தான். அத்தார் என்பவர் மருந்துச் சரக்கும் விற்றவர் என்பது மறந்துபோயிற்று.

சீனத்துப் பாரம்பரிய மருத்துவமனைகளில் இந்தக் கூட்டு வேலை இன்னும் இறுக்கமானது. ஒன்றோடொன்று சேரக்கூடாத மூலிகைகளுக்கு 'பதினெட்டு முரண்கள்' என்ற பழைய பட்டியல் உண்டு. சீட்டில் அப்படி ஒரு ஜோடி வந்தாலோ அளவு மிஞ்சினாலோ மருந்தாளுநர் கொடுக்க மறுக்க வேண்டும்; மருத்துவர் திருத்தினால், அல்லது தெரிந்தேதான் எழுதினேன் என்று மறுபடி கையெழுத்திட்டால்தான் மருந்து. நச்சுள்ள மூலிகையை முதலில் நெடுநேரம் கொதிக்கவிட வேண்டும், புதினாவைக் கடைசியில் போட வேண்டும் என்பதும் அங்கே மருந்தாளுநர் சொல்லித்தரும் பாடம்.

இந்தியாவிலும் சட்டம் சும்மா இல்லை. 1940-ஆம் ஆண்டு மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டத்தின் விதிகளில் நச்சுச் சரக்குகளுக்குத் தனி அட்டவணை இருக்கிறது. எட்டிக்கொட்டை, ஊமத்தை விதை, பாதரசம் எல்லாம் அதில் வரும். இவை சேர்ந்த மருந்தை மருத்துவக் கண்காணிப்பில்தான் உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை டப்பாவில் இருக்க வேண்டும். படிக்கிறோமா?

ஆனால் நம் குடும்பங்களில் ஆபத்து பெரும்பாலும் விஷச் சரக்கில் இல்லை, சாதாரணச் சரக்கில் இருக்கிறது. மஃஜூன் தேனிலோ சர்க்கரைப் பாகிலோ செய்வது. சுகர் உள்ளவர் தினம் இரு வேளை சாப்பிட்டால் என்ன ஆகும்? அதிமதுரம் தொடர்ந்து சேர்ந்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். நபிமொழிகளில் வரும் ஸனா, அதாவது திருநெல்வேலிச் சீமை உலகத்துக்கே அனுப்பும் நிலாவாரை, மலச்சிக்கலுக்கு நல்லதுதான். அதையே மாதக்கணக்கில் எடுத்தால் அதுவும் பொட்டாசியத்தைக் குறைக்கும். நீர் பிரியும் மாத்திரையோ இதயத்துக்கு டிகாக்ஸினோ சாப்பிடுபவருக்கு அது விபரீதம். ஹகீமிடம் இங்கிலீஷ் மாத்திரையைச் சொல்வதில்லை, ஆஸ்பத்திரி டாக்டரிடம் ஹகீம் மருந்தைச் சொல்வதில்லை. இருவருக்கும் நடுவே நம் வாய்தான் அடைத்துக்கொள்கிறது. வைத்தியம் தெரியாமல் வைத்தியம் செய்பவர் நஷ்டத்துக்குப் பொறுப்பாளி என்ற கருத்து அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. தெரிந்தவரிடம் பாதியை மறைப்பவருக்கு யார் பொறுப்பு?

பெரியவரிடம், "வேற மாத்திரை ஏதும் சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன். பிரஷருக்கு இரண்டு, எட்டு வருஷமாக. ஹகீமிடம் சொல்லவில்லையாம், கேட்டால் திட்டுவார் என்று பயம். அட்டைகளையும் சீட்டையும் ஒரே பையில் போட்டுத் திரும்பப் போகச் சொன்னேன். அடுத்த ஜும்ஆவில் சீட்டைக் காட்டினார். அதிமதுரம் சேர்ந்த ஜோஷாந்தா அடிக்கப்பட்டு, பக்கத்தில் ஹகீமின் கையெழுத்து இருந்தது.