கம்பெனிக் கால வாழ்க்கை: சென்னையும் திருச்சிராப்பள்ளியும் திருவரங்கமும்

ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் ஒரே வகை வாழ்க்கை தோன்றிற்று என்பார் உளர். அக்கூற்று ஆராய்ச்சிக்கு நில்லாது. 1607இல் வர்ஜீனியாவில் குடியேறியோர் நாளடைவில் நிலத்தைப் பற்றிப் புகையிலை பயிரிட்டனர். 1639இல் சென்னையில் இடம்பெற்ற கம்பெனியாரோ துணி வாணிகத்தையே நாடினர். ஆதலின் அவர்தம் கோட்டையைச் சூழ்ந்து வணிகரும் நெசவாளரும் செறிந்தனர். 1734இல் நெசவாளர்க்கெனச் சிந்தாதிரிப்பேட்டை அமைக்கப்பட்டமை இதற்குச் சான்றாகும்.

திருச்சிராப்பள்ளிக்கு அவர்களைக் கொணர்ந்தது போரே. 1751-52ஆம் ஆண்டு முற்றுகையில் முகம்மது அலிக்குத் துணைநின்ற கம்பெனியார், பின்னர் இவ்வூரைத் தம் படைநிலையாக்கினர். 1766இல் சுவார்ட்சு பாதிரியார் கோட்டையில் எழுப்பிய கிறித்தவ ஆலயமும், பிற்காலத்துக் கன்டோன்மென்டும் படைஞர் வாழ்வைச் சார்ந்து எழுந்தவை.

காவிரிக்கு அப்பாலுள்ள திருவரங்கமும் அப்போருக்குத் தப்பவில்லை. அங்குத் தங்கிய பிரெஞ்சுப் படை 1752 ஜூனில் சரணடைந்தது. எனினும் ஏழு மதில்களுக்குள் வீதியும் தொழிலும் விழாவும் கோயிலையே நடுவாகக் கொண்டு நின்றன. ஆயினும், 1801இல் கருநாடக ஆட்சி கம்பெனியார் கைப்பட்டது. 1817ஆம் ஆண்டுச் சட்டத்தால் கோயில் அறநிலைகளின் மேற்பார்வையும் அவர்தம் வருவாய்க் கழகத்தைச் சார்ந்தது. மதில் காத்த முறைமைக்குள் கணக்கேடு வழியே அயலாட்சி புகுந்தது.

ஆகவே, சென்னை ஆவணங்களைக் கொண்டே தமிழகம் முழுமைக்கும் வாழ்க்கை வரலாறு வரைதல் பிழையாகும். ஓர் ஆற்றின் இரு கரையிலேயே இருவேறு வாழ்வு நிலவியதை மறத்தலாகாது.