வாக்குரிமையும் வழக்காடுதலும்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம்

1920இல் சென்னை மாகாணச் சட்டசபைக்கு நேரடித் தேர்தல் நடந்தபோது, மாகாணத்தின் சுமார் 4 கோடி மக்களில் ஓட்டுரிமை பெற்றிருந்தவர்கள் ஏறத்தாழ 12.5 லட்சம் பேர். நிலத்தீர்வையோ சொத்துவரியோ வருமானவரியோ கட்டுகிறவர் பெயர்தான் பட்டியலில் ஏறும். அப்போது இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியிலும் பட்டாதாரர்களும் வியாபாரிகளுமே வாக்காளர்கள். அவர்கள் நிலத்தில் கூலி வேலை செய்தவர்களுக்குத் தேர்தல் என்பது முதலாளி வீட்டு விசேஷம் போலத்தான் இருந்திருக்கும். 1921இல் பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் முதலாவதாகச் சென்னை மாகாணம் பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. ஆனால் சொத்துத் தகுதி நீங்கவில்லை. சொந்தப் பெயரில் பட்டா இல்லாத பெண்ணுக்கு அந்தச் சீர்திருத்தத்தால் ஒன்றும் கிடைக்கவில்லை. 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வாசலைக் கொஞ்சம் அகலமாக்கியதே தவிர, எல்லோருக்கும் திறந்துவிடவில்லை.

முழுதாகத் திறந்தது 1952 தேர்தல்தான். 21 வயது நிரம்பிய யாரும் ஓட்டுப் போடலாம் என்ற நிலை வந்ததும், இந்த வட்டாரத்து மக்கள் யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார்கள். ராஜபாளையத்தில் பிறந்த பி. எஸ். குமாரசாமி ராஜா 1949 முதல் சென்னை மாகாண முதலமைச்சர். சுதந்திரப் போராட்டக்காரர், பிற்காலத்தில் தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தவர். பதவியில் இருந்தபடியே போட்டியிட்ட அவரைச் சொந்த வட்டாரமே தோற்கடித்தது. அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதி காமராஜரை மக்களவைக்கு அனுப்பியது. இருவரும் காங்கிரஸ்காரர்கள். கட்சி பார்த்து மட்டும் மக்கள் ஓட்டுப் போட்டிருந்தால் இப்படி நடந்திருக்க முடியாது.

ஓட்டுப் போடும் உரிமை ஒரே நாளில் வந்துவிட்டது. தேர்தலில் நிற்கும் உரிமையும், ஜெயித்தபின் நாற்காலியில் உட்காரும் உரிமையும் அவ்வளவு எளிதில் வரவில்லை. அரசியல் சட்டம் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கீட்டைக் கொண்டுவந்தது. தொடக்கத்தில் அது இரட்டை உறுப்பினர் தொகுதி என்ற வடிவில் நடந்தது. 1957இல் ஸ்ரீவில்லிபுத்தூர் நாடாளுமன்றத் தொகுதியிலிருந்து உ. முத்துராமலிங்கத் தேவரும் காங்கிரஸைச் சேர்ந்த ஆர். எஸ். ஆறுமுகமும் சேர்ந்து தேர்வானார்கள். 1961இல் இரட்டைத் தொகுதி முறை ஒழிந்து, தனித்தொகுதிகள் வந்தன. ராஜபாளையம் சட்டமன்றத் தொகுதி நெடுங்காலம் தனித்தொகுதியாக இருந்தது. 2008ஆம் ஆண்டு மறுவரையறையில் அது பொதுத்தொகுதியானது, ஸ்ரீவில்லிபுத்தூர் தனித்தொகுதியானது. இரண்டும் இப்போது தென்காசி என்ற தனி நாடாளுமன்றத் தொகுதிக்குள் அடங்குகின்றன.

இந்த உரிமைகளைப் பற்றிய வழக்குச் சட்டத்தின் அடித்தளமும் தமிழ்நாட்டில்தான் போடப்பட்டது. நாமக்கல் தொகுதியில் வேட்புமனு நிராகரிக்கப்பட்ட பொன்னுசாமி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். தேர்தல் நடந்துகொண்டிருக்கும்போது நீதிமன்றம் குறுக்கிடாது, முடிந்தபின் தேர்தல் மனு போடுவதே ஒரே வழி என்று 1952இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஓட்டுரிமை சட்டம் தரும் உரிமையே தவிர சிவில் உரிமை அல்ல என்பதும் அந்தத் தீர்ப்பின் கருத்து. அடுத்த வழக்கு பக்கத்துச் சாத்தூரிலிருந்து வந்தது. 1957இல் அங்கே முதலமைச்சர் காமராஜர் வென்றதை எதிர்த்துக் குஞ்சுத்தேவர் மனுப் போட்டார். வைப்புத்தொகை ரசீது சட்டம் சொன்ன படிவத்தில் இல்லை என்ற ஆட்சேபம் உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. சாரத்தில் சரியாக இருந்தால் போதும், எழுத்துக்கு எழுத்துப் பார்த்து மனுவைத் தள்ளக்கூடாது என்று 1958இல் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தாராளம் நிலைக்கவில்லை. தேர்தல் சட்டத்தின் 1966 திருத்தம் தேர்தல் தீர்ப்பாயங்களை ஒழித்துச் சட்டமன்ற, நாடாளுமன்றத் தேர்தல் மனுக்களை உயர் நீதிமன்றத்திடம் ஒப்படைத்தது. 45 நாளுக்குள் தாக்கல், 2,000 ரூபாய் வைப்புத்தொகை என்ற விதிகளில் தவறினால் மனு விசாரணைக்கே வராமல் தள்ளுபடியாகும்.

உள்ளாட்சித் தேர்தலுக்கு வேறு வழி. பஞ்சாயத்துத் தேர்தல் மனுவை மாவட்ட நீதிபதி விசாரிப்பார். 1985இல் விருதுநகர் மாவட்டம் உருவாகி ஆட்சியர் அலுவலகம் விருதுநகரில் அமைந்தாலும், மாவட்ட முதன்மை நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது. அதனால் ஒரு சிற்றூராட்சித் தலைவர் தேர்தலில் தகராறு என்றால், மாவட்டத்தின் கிழக்குக் கோடியிலிருந்துகூடக் கட்சிக்காரர்கள் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏற வேண்டும்.

ஆனால் மிகக் கடுமையான மறுப்புகள் மனுவாக நீதிமன்றத்துக்கு வரவே இல்லை. 1996இல் உள்ளாட்சித் தேர்தல்கள் புதிய சட்டப்படி நடந்தபோது, மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளும், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டகச்சியேந்தலும் தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டன. பத்தாண்டுகள் வேட்புமனுவே வராமலும், வென்றவர் உடனே ராஜினாமா செய்தும் அந்த ஒதுக்கீடு வெறுங்காகிதமாகக் கிடந்தது. 2006 அக்டோபரில்தான் தலைவர்கள் தேர்வாகிப் பதவியில் தொடர்ந்தார்கள். அதற்கு முன் மதுரை மாவட்டத்தின் மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று தலித் ஊராட்சித் தலைவர் முருகேசனும் மற்ற ஐந்து பேரும் கொல்லப்பட்டிருந்தனர். அவ்வழக்கில் 17 பேரின் ஆயுள் தண்டனையை 2009இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அதை அந்த நிலைவரை கொண்டுபோனதில் மதுரையின் மனித உரிமை வழக்கறிஞர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

இத்தகைய வழக்குகளை எடுத்து நடத்த அமைப்புகளும் எழுந்தன. 1976இல் ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கிய மக்கள் சிவில் உரிமைக் கழகம் (பி.யு.சி.எல்.) வேட்பாளரின் குற்றப் பின்னணியையும் சொத்தையும் வாக்காளர் அறியும் உரிமையை 2003இலும், நோட்டாவை 2013இலும் உச்ச நீதிமன்றத்தில் வென்றது. மதுரையில் மக்கள் கண்காணிப்பகம், எவிடென்ஸ் ஆகியவை தென் மாவட்டங்களின் சாதிக் கொடுமை வழக்குகளைக் கவனிக்கின்றன. 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறந்தபின், உயர் நீதிமன்றத்தை நாட ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் சென்னைக்கு ரயிலேற வேண்டியதில்லை என்பதும் இந்தப் பணிக்கு உதவியது.

அமெரிக்காவில் 1940இல் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் நிறுவிய, கறுப்பின மக்களின் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. சட்டப் பாதுகாப்பு நிதியம் போன்றவை வாக்குரிமை வழக்கறிஞர் என்றே பதவி வைத்து, விளம்பரம் கொடுத்து, மாதச் சம்பளத்துக்கு ஆள் எடுக்கின்றன. 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டம் அவர்களுக்குத் தனித்துறையையே உண்டாக்கிக் கொடுத்தது. இங்கே அப்படி ஒரு பதவி வளராததற்கு ஒரு தொழில் விதியும் காரணம். இந்திய வழக்கறிஞர் மன்ற விதிகளின் 49ஆம் விதிப்படி, தொழில் நடத்தும் வழக்கறிஞர் யாரிடமும் முழுநேரச் சம்பள ஊழியராக இருக்கக்கூடாது. அறக்கட்டளையோ தொண்டு நிறுவனமோ அதற்கு விலக்கல்ல. சட்டப் படிப்பை முடித்துப் பதிவு செய்தவர் ஒரு சீனியரிடம் சேர்ந்து தொழில் பழகுவார். தேர்தல் மனுவும் ஆட்கொணர்வு மனுவும் வன்கொடுமை வழக்கும் அவர் கைக்குச் சொத்து வழக்குகளோடு கலந்தே வரும். அமைப்புகள் வழக்குக்கு இவ்வளவு என்று கட்டணம் கொடுக்கும், அல்லது இலவசமாக நடத்தித் தருபவரைத் தேடும். முழுநேரச் சம்பளத்துக்குச் சேருகிறவர் வழக்கறிஞர் மன்றத்துக்குத் தெரிவித்துத் தம் தொழிலை நிறுத்திவைக்க வேண்டும். அந்த வேலையில் இருக்கும்வரை அவர் வழக்கறிஞராக நீதிமன்றத்தில் நின்று வாதாட முடியாது.